சால்வை, மனு, ஒரு ஏ4 தாள்

எங்கள் சிறுதொழில் சங்க அலுவலகச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. 2017 கடைசியில் எடுத்தது. நடுவில் ஒரு அமைச்சர், தோளில் நாங்கள் போர்த்திய சால்வை. மனுவின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை எங்கள் தலைவர் கையில். சுற்றிலும் பதினோரு பேர், எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். மனுவை ஒருவரும் பார்க்கவில்லை. வலது ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற ஆள் நான்.

அந்த மனுவில் 14 கோரிக்கைகள் இருந்தன. டைப் அடித்தவன் என்பதால் வரிசைகூட நினைவிருக்கிறது. முதலில் தொழிற்பேட்டை சாலை, பிறகு வங்கி வட்டி, மின்கம்பம், தொழிலாளர் பற்றாக்குறை. ஜாப் ஆர்டருக்கான ஜிஎஸ்டியைக் குறைக்க வேண்டும் என்பது ஆறாவது. பேசக் கிடைத்தது ஒரு நிமிடம் இருக்கலாம். "கண்டிப்பா பார்க்கிறேன்" என்றார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது, பத்து பிரதி வாங்கினோம். நான்கு மாதம் கழித்து, 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. எந்தத் துறை என்று அதில் இல்லை. பதினான்கு கோரிக்கைகளும் ஆறேழு துறைகளுக்குரியவை என்பதால், யாருக்கு அனுப்புவது என்று அவர்களுக்கும் குழப்பமாக இருந்திருக்கும்.

எனக்குக் கோவையில் சின்னதாக ஒரு பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின். ஜாப் ஆர்டர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பம்ப் கம்பெனியோ வால்வு கம்பெனியோ காஸ்டிங்கை, அதாவது வார்த்தெடுத்த உலோகப் பாகத்தை, கொண்டுவந்து போடும். நாங்கள் கடைந்து, துளை போட்டு, அளவுக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்போம். பொருள் அவர்களுடையது, எங்களுடையது கூலி மட்டும். ஜிஎஸ்டிக்கு முன்பு எங்களில் பெரும்பாலோர் பில்லில் வரி என்று ஒரு வரி எழுதியதில்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி அந்தக் கூலிக்கு 18 சதவீதம் வந்தது. சங்கத்தில் அப்போது நான் இணைச் செயலாளர். கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்கத் தெரியும் என்பதுதான் தகுதி.

2018-இல் ஒரு நாள், எங்கள் உறுப்பினர் ஒருவருடைய ஆடிட்டர் மூலமாக, வரித்துறை வேலை நன்கு தெரிந்த ஓர் அதிகாரியைச் சந்திக்கப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. நால்வர் போனோம். இந்த முறை சால்வை இல்லை. வாங்கி வைத்ததை ஆடிட்டர்தான் காரிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். தலைவர் பத்து நிமிடம் உணர்ச்சிகரமாகப் பேசினார். பட்டறைகள் மூடப்படுகின்றன, லேத்தைக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள், குடும்பங்கள் தவிக்கின்றன. எல்லாமே உண்மை. அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க 18 பர்சன்ட் வாங்கறீங்க, உங்க கஸ்டமர் அதை ஐடிசியா எடுத்துக்கறார். அவருக்கும் செலவு இல்ல, உங்களுக்கும் செலவு இல்ல. அப்ப யாருக்கு நஷ்டம்?" ஐடிசி என்றால், வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது.

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முப்பது வருடம் பட்டறை நடத்தியவர்கள் இருவர் அதில் உண்டு. பதில் எங்கள் வயிற்றில் இருந்தது, வாயில் வரவில்லை. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க சொல்ற கஷ்டம் எனக்குப் புரியுதுங்க. ஆனா நான் ஃபைல்ல என்ன எழுதறது? 'பாவம், ரொம்ப கஷ்டப்படறாங்க'ன்னு எழுத முடியுமா?" என்றார்.

திரும்பி வரும்போது காரில் பேச்சே இல்லை. ஆவாரம்பாளையம் தாண்டும்போது தலைவர் மட்டும், "அவரு கேட்டது சரிதான்ப்பா" என்றார்.

அடுத்த வாரம் நான் செய்த காரியம் ஒன்றுதான். கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் போய் அவருடைய வரவு செலவு நோட்டைக் கேட்டேன். இரண்டு லேத், அவரும் தம்பியும் ஓர் ஆளும். முதலில் தரவில்லை. "கணக்கெல்லாம் எதுக்குங்க வெளிய?" என்றார். பெயர் எழுத மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் மேசை டிராயரைத் திறந்தார். எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டு. அதை வைத்துக்கொண்டு, எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி, ஒரு தாளில் எழுதினேன்.

மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு பில். ஜிஎஸ்டி 18,000. டூல், கட்டிங் ஆயில், உதிரிபாகம் எல்லாம் வாங்கியதில் அவருக்குக் கழித்துக்கொள்ளக் கிடைக்கும் உள்ளீட்டு வரி சுமார் 3,000. அவருடைய செலவில் பெரும்பகுதி கூலியும் கரண்டும், அவற்றில் கழிக்க வரியே கிடையாது. ஆக, கையிலிருந்து கட்ட வேண்டியது 15,000. அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆனால் கம்பெனியிலிருந்து பணம் வர 90 நாள். ஜூன் மாத பில்லுக்குப் பணம் செப்டம்பர் கடைசியில் வரும். அதற்குள் ஜூலை 20, ஆகஸ்ட் 20, செப்டம்பர் 20 என்று மூன்று முறை கட்டியாகிவிட்டது. கைக்கு வராத பணத்துக்கு 45,000 ரூபாய் வரி. அந்த அண்ணன் அதை மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். 'யாருக்கு நஷ்டம்' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

அதே கணக்கை 5 சதவீதத்துக்குப் போட்டால், வரி 5,000, கழித்தது போக 2,000, மூன்று மாதத்துக்கு 6,000. 45,000 எங்கே, 6,000 எங்கே.

எழுதி முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. வாங்குபவர் முழு வரியையும் ஐடிசியாக எடுத்துக்கொள்கிறார் என்று அதிகாரி சொன்னாரே, அப்படியானால் எங்கள் வரியைக் குறைத்தால் அரசுக்கும் கடைசியில் பெரிதாக எதுவும் குறையாது. இங்கே குறைவாக வாங்கினால் அங்கே குறைவாகக் கழிப்பார்கள், அவ்வளவுதானே. எங்களை வாயடைக்க வைத்த கேள்விதான் எங்களிடமிருந்த நல்ல வாதம். நாங்கள் அதைச் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறோம்.

இரண்டாவது முறை போனபோது அந்த ஒரு தாளை மட்டும் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, "5 ஆக்கினா டூலுக்குக் கட்டின 18 தேங்கிப் போச்சுன்னு ரீஃபண்ட் கேட்டு வருவீங்களே?" என்றார். அதற்கும் கணக்கு அந்தத் தாளிலேயே இருந்தது. கழிக்க இருப்பது 3,000, கட்ட வேண்டியது 5,000, தேங்க எதுவும் இல்லை. பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அந்தப் பென்சில் குறிப்பு ஒரு கோப்பில் எங்கோ போய்ச் சேர்ந்ததா இல்லையா, தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எந்தத் தாளை எழுதினாலும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்: இதை வாங்குகிறவர் அவருடைய கோப்பில் அப்படியே எடுத்து எழுதக்கூடிய வாக்கியம் எது? அது இல்லாவிட்டால் தாளைக் கொடுப்பதில்லை.

வெளியே பேசுவதைவிட உள்ளே பேசுவதுதான் கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். பதினான்கு கோரிக்கையை ஒன்றாக்குவதற்கு எங்களுக்கு மூன்று செயற்குழுக் கூட்டம் ஆனது. மின்சாரக்காரர் ஒருவர் மின்சாரத்தை எடுக்க விடமாட்டார். தொழிற்பேட்டைக்காரர் சாலையை விடமாட்டார். சங்கத்தில் கொஞ்சம் பெரிய உறுப்பினர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஜாப் ஆர்டர் கொடுக்கவும் வேண்டும், எடுக்கவும் வேண்டும். 18 ஆனாலும் 5 ஆனாலும் அவர்களுக்கு ஒன்றுதான். "பெரிய விஷயத்தைக் கேளுங்கப்பா" என்றார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு சந்திப்புக்கு ஒரு கோரிக்கை, மற்றவை ரத்து இல்லை, வேறு மேசைக்கு வேறு நாளில் போகும். அதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்து வாங்காமல் போயிருந்தால் அதிகாரி முன்னாலேயே யாராவது சாலையை ஆரம்பித்திருப்பார்கள். ஒரு முறை ஆரம்பித்தும் விட்டார், அது வேறு கதை.

எந்த மேசை என்பதுதான் நான் மெதுவாகக் கற்ற பாடம். ஜிஎஸ்டி விகிதத்தை டெல்லியில் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஜிஎஸ்டி கவுன்சில் அரசியலமைப்பின் 279ஏ பிரிவின்படி அமைந்தது. மத்திய நிதியமைச்சர் தலைவர், மாநிலங்களின் அமைச்சர்கள் உறுப்பினர்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. நான்கில் மூன்று பங்கு கிடைத்தால்தான் முடிவு. நடைமுறையில் எல்லோரும் ஒத்துப்போய்த்தான் முடிவெடுக்கிறார்கள், முதல் வாக்கெடுப்பே 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காகத்தான் நடந்தது. ஆக, சென்னையிலும் ஒரு கதவு இருக்கிறது. மாநில நிதித்துறை ஒன்று, எழிலகத்தில் இருக்கும் வணிகவரித்துறை ஒன்று. கவுன்சிலில் போய் உட்காருகிற அமைச்சருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அதற்கும் கீழே ஃபிட்மென்ட் கமிட்டி என்று ஒன்று உண்டு. மத்திய, மாநில வரி அதிகாரிகள் சேர்ந்தது. விகிதம் மாற்றச் சொல்லி வரும் கோரிக்கைகளை அவர்கள்தான் முதலில் சலிக்கிறார்கள். 'அடுத்த வாரம் கவுன்சில் கூட்டம்' என்று டிவியில் வந்ததும் நாங்கள் மனு எழுத உட்காருவோம், அதற்குள் கமிட்டி வேலை முடிந்து நிகழ்ச்சி நிரலே அச்சாகியிருக்கும். பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொன்ன கதை. பட்ஜெட்டும் அப்படித்தான். 2017 முதல் பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கல் ஆகிறது, ஜனவரியில் அனுப்பும் யோசனையால் யாருக்கும் பயனில்லை. தொழில் அமைப்புகளிடம் யோசனை கேட்டு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே சுற்றறிக்கை வந்துவிடும்.

இன்னொரு புதையலை ஒரு ஆடிட்டர் தம்பி காட்டினார். கவுன்சில் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலும் நடவடிக்கைக் குறிப்பும் பிறகு கவுன்சிலின் இணையதளத்திலேயே வெளியாகின்றன. எந்தெந்தக் கோரிக்கை வந்தது, ஃபிட்மென்ட் கமிட்டி எதை ஏன் ஏற்கவில்லை என்று அட்டவணையாக இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கம். நான் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளைப் படிப்பதில் கிடைத்த அறிவு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஒரே மாதிரி காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வரி வரவு பாதிக்கும், வகைப்பாட்டில் தகராறு வரும், இவருக்குக் கொடுத்தால் அவரும் கேட்பார். உங்கள் தாளில் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணத்துக்காகத்தான் ராஜ்கோட், லூதியானா சங்கங்களுக்கு எழுதினோம். கோவைக்காரன் மட்டும் கேட்டால் அது ஓர் ஊரின் புலம்பல். அங்கேயும் லேத் பட்டறை இருக்கிறது, அங்கேயும் 90 நாள். எங்கள் இந்தி அழகுக்கு ஃபோனில் பேச முடியவில்லை. அந்த ஏ4 தாளின் கணக்கை மட்டும் அனுப்பினோம். எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்களைவிடப் பெரிய சங்கங்கள் கோவையிலேயே இதை எடுத்துக்கொண்டு பல மட்டங்களில் போராடிக்கொண்டிருந்தன. வேலை நடந்ததற்குப் பெருமை அவர்களுக்குத்தான் அதிகம்.

2019 செப்டம்பர் 20. கோவாவில் 37-ஆவது கவுன்சில் கூட்டம். இன்ஜினியரிங் ஜாப் ஒர்க்குக்கு (நாங்கள் ஜாப் ஆர்டர் என்பதற்குச் சட்டத்தில் அதுதான் பெயர்) 18-இலிருந்து 12. பஸ் பாடி கட்டும் வேலைக்கு மட்டும் 18 தொடரும். அக்டோபர் 1 முதல் அமல். கேட்டது 5, கிடைத்தது 12. 45,000 என்பது 27,000 ஆகியது. கணபதி அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "சரி, பாதி வழி வந்தாச்சு" என்றார்.

கொண்டாட்டம் இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. நவம்பரில் ஒரு விளக்கச் சுற்றறிக்கை வந்தது. சட்டத்தின் 2(68) பிரிவில் ஜாப் ஒர்க் என்றால், பதிவு செய்த இன்னொருவரின் பொருளின் மீது செய்யும் வேலை என்று விளக்கம். ஆகவே ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் கொண்டுவந்து போடும் பொருளில் வேலை செய்தால் அந்த 12 பொருந்தாது, 18 தான். எங்கள் உறுப்பினர்களில் பதிவில்லாத சின்ன வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்கிறவர்கள் நிறைய. எல்லோரும் 12 போட்டு பில் கொடுத்துவிட்டிருந்தார்கள். வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டினார்கள், என்னையும் சேர்த்து. எங்கள் கோரிக்கையில் 'ஜாப் ஆர்டர்' என்று எழுதியிருந்தோமே தவிர, சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. விகிதம் மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் கோரிக்கையோடு, வரி விகிதங்களைப் பட்டியலிடும் அரசு அறிவிக்கையில் எத்தனையாவது இனம், அதில் எந்தச் சொல் மாற வேண்டும், மாறினால் வாக்கியம் எப்படி இருக்கும் என்று நாங்களே எழுதி இணைக்கிறோம். அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எழுதிக் கொடுத்தால் நிம்மதியாக வாங்கிக்கொள்கிறார்கள்.

மின்கட்டணக் கதை வேறு மாதிரி. 2022 ஜூலையில் கட்டண உயர்வு மனு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் தாக்கலானது. ஆகஸ்டில் கோவையில் கருத்துக் கேட்புக் கூட்டம். அரங்கு நிரம்பி வழிந்தது. விவசாயி, விசைத்தறிக்காரர், மில்காரர், நாங்கள். ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துக் கொட்டித் தீர்த்தார்கள். நான் எழுதி வைத்திருந்த உரையும் அந்த வகைதான். ஆனால் எனக்கு முன்னால் பேசிய ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் மாதிரி தெரிந்தார், மனுவின் பக்க எண் சொல்லி, இந்த அட்டவணையில் இந்த எண் எப்படி வந்தது என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மேடையில் இருந்தவர்கள் அவர் பேசும்போதுதான் குனிந்து எழுதினார்கள்.

ஆணையம் என்பது அமைச்சர் மாதிரி இல்லை, பாதி நீதிமன்றம் மாதிரி. 2003 மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி, பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே கட்டண ஆணை போட முடியும். எழுத்தில் கொடுத்த ஆட்சேபம் அதற்கான பதிலோடு ஆணையிலேயே அச்சாகும். மைக்கில் அழுதால் காற்றோடு போய்விடும். நான் என் உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, எழுத்து மூலமாக ஒன்றரைப் பக்கம் கொடுத்தேன். அதிலும் ஒரு தப்பு செய்தேன், சிறுதொழிலுக்கு மானியம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். மானியம் ஆணையத்தின் கையில் இல்லை. 65-ஆவது பிரிவின்படி மாநில அரசுதான் அந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஓட்டலில் போய் மருந்து கேட்ட மாதிரி ஆனது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் வந்தது, தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கும் உச்ச நேரக் கட்டணம் 25 சதவீதம். அதன் பிறகு எல்லாச் சங்கங்களும் கதவை மாற்றி அரசிடம் போயின, அந்த 25 பிறகு 15 ஆகியது.

இடைத்தரகர்கள் பற்றி ஒரு வார்த்தை. சங்கம் கொஞ்சம் பெயர் வாங்க ஆரம்பித்ததும், 'டெல்லியில நமக்கு ஆள் இருக்கு, முடிச்சுக் கொடுத்தறலாம்' என்று ஒருவர் வந்தார். நல்ல சட்டை, இரண்டு ஃபோன். தலைக்கு ஐயாயிரம் வசூலித்தால் போதும் என்றார். செயற்குழுவில் சிலருக்கு ஆசை வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு என்று வக்கீல் ஒருவர் சொன்னதும் அறை அமைதியானது. எனக்கு அதைவிட எளிய சந்தேகம் ஒன்று இருந்தது. இத்தனை மாநிலங்களின் அமைச்சர்கள் உட்கார்ந்து எடுக்கும் முடிவை இரண்டு ஃபோன் வைத்திருப்பவர் எப்படி முடித்துக் கொடுப்பார்? கேட்டேன். மறுபடி அவர் வரவில்லை.

எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறியிருக்கிறது. முன்பு பரிந்துரைக் கடிதத்துக்காகப் போவோம். இப்போது கேள்விக்காகப் போகிறோம். மக்களவையில் ஓர் எம்.பி. எழுத்துபூர்வமான பதில் கேட்டு ஒரு கேள்வி போட்டு, அது ஏற்கப்பட்டால், அமைச்சகம் பதில் எழுதியே ஆக வேண்டும். அந்தப் பதிலில் அரசின் நிலைப்பாடும் பல நேரம் புள்ளிவிவரமும் கிடைத்துவிடும். அடுத்த தாளுக்கு அதுவே அடித்தளம். கேள்வியை நாமே இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் எம்.பி.யின் உதவியாளர்கள் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். எந்தக் கட்சி என்று பார்க்கத் தொடங்கினால் சங்கம் இரண்டாக உடையும், இதை எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றைப் பார்த்துக் கற்றோம்.

கேட்டது அப்படியே கிடைத்தாலும் கஷ்டம் உண்டு. பாக்கி வராமல் தவிக்கிறோம் என்று சிறுதொழில் சங்கங்கள் எல்லாம் வருடக்கணக்கில் கத்தின. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம்தான். எங்களுக்கு ஏழு வருடமாக வேலை கொடுக்கும் ஒருவர் ஃபோன் செய்து, "உங்க உத்யம் பதிவைக் கேன்சல் பண்ணீட்டீங்கன்னா ஆர்டர் தொடரலாம்ங்க" என்றார். குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவுதான் உத்யம். எதிர்ப்பக்கம் இருப்பவர் அதற்கு என்ன செய்வார் என்று கேட்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. அதிகாரிகள் மாறுவார்கள். நீங்கள் ஒன்றரை வருடம் விளக்கிப் புரியவைத்தவர் ஒரு திங்கட்கிழமை வேறு மாவட்டத்தில் இருப்பார். அதனால் ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் 'இன்று பேசியவை' என்று அரைப்பக்கக் கடிதம் அனுப்பி, பெறப்பட்ட முத்திரையோடு நகலை வாங்கி வைப்போம். புதியவரிடம் அந்தக் கத்தையோடு போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பிரிவு எழுத்தர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், கோப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டது கிடைக்காவிட்டாலும் நேரம் கொடுத்ததற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போடுங்கள், அப்படிப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. பேப்பருக்குப் போகும் முன் அந்த அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு முறை நாங்கள் சொல்லாமல் பேட்டி கொடுத்து, எட்டு மாதம் கதவு அடைத்தது.

2025 செப்டம்பர் 3. 56-ஆவது கவுன்சில் கூட்டம். 12 சதவீத அடுக்கையே எடுத்துவிடுகிறார்கள் என்று முன்பே பேச்சு இருந்தது. 12 போனால் நாம் 5-க்கு இறங்குவோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரே உற்சாகம். ராத்திரி செய்திக்குறிப்பு வந்ததும் ஃபோனில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். குடைக்கான ஜாப் ஒர்க், 12-இலிருந்து 5. செங்கல், 5. மருந்து, 5. தோல், 5. அந்தப் பட்டியலின் கடைசியில், 'வேறெங்கும் குறிப்பிடப்படாத ஜாப் ஒர்க்' என்று ஒரு வரி. 12-இலிருந்து 18. லேத், டிரில்லிங், மில்லிங் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. அறிவிக்கையில் குடைக்கு ஒரு தனி இனம் உண்டு, தோலுக்கு உண்டு. எங்களுக்கு 2019-இலும் தனிப் பெயர் இல்லை, மிச்சம் மீதியில்தான் இருந்தோம். அன்று விகிதம் கிடைத்த சந்தோஷத்தில் அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

செப்டம்பர் 22 முதல் அமல். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது. சுவரில் அந்தப் பழைய படம். இந்த முறை ஒரே தீர்மானம்: அறிவிக்கையில் பொறியியல் இயந்திர வேலைக்குத் தனி இனம், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரின் பொருளுக்கும் பொருந்தும்படி வாசகம், விகிதம் 5. வாசகத்தை எழுத ஆடிட்டர் தம்பி ஒப்புக்கொண்டார். புதிய கணக்கு என் வேலை. மறுநாள் காலை கணபதிக்குப் போனேன். அண்ணன் லேத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் டிராயரைத் திறந்தார்.